சின்தசைசர் வரலாற்றில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அறுபதுகளின் பாட்டு ஒன்றில் விநோதமான மின்னொலி கேட்டுவிட்டால் போதும், "இது மோக் சின்தசைசர்" என்று எழுதிவிடுகிறார்கள். மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவிதான் சின்தசைசர்; அதில் ராபர்ட் மோக் உருவாக்கிய வகை மோக். அந்த வருடத்தில் அப்படியொரு கருவி இருந்ததா, இருந்தால் அதற்கு என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

1963இல் பிபிசியில் ஒலித்த 'டாக்டர் ஹூ' முகப்பிசையில் சின்தசைசரே கிடையாது. ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, டெலியா டெர்பிஷயர் ஆசிலேட்டர் என்ற மின்னலை எழுப்பும் கருவியின் ஒலிகளை டேப்பில் பதிந்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். பீச் பாய்ஸின் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் (1966) ஊளையிடுவது எலக்ட்ரோ-தெரமின் என்ற வேறொரு மின்னிசைக் கருவி. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் மெல்லோட்ரானுடையது. அதன் ஒவ்வொரு கட்டையும் முன்பே பதிந்துவைத்த ஒரு டேப்பை ஓட்டும். பீட்டில்ஸ் மோக்கைக் கையாண்டது 1969இல், 'அபி ரோடு' தொகுப்பில்தான்.

"சின்தசைசரைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் மோக்" என்பதும் பாதிக் கதைதான். மின்னழுத்தத்தால் ஒலியைக் கட்டுப்படுத்தும் யோசனையைக் கனடாவின் ஹ்யூ லெ கெய்ன் நாற்பதுகளிலேயே முயன்று பார்த்திருந்தார். மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964இல் தன் மாட்யூல்களை (கம்பிகளால் இணைக்கும் தனித்தனி ஒலிப் பெட்டிகளை) உருவாக்கிய அதே காலகட்டத்தில், சான்ஃபிரான்சிஸ்கோவில் டான் புக்லா தனியாக இன்னொரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தார். புக்லாவுக்கு பியானோக் கட்டைகள் பிடிக்காது, தொடுதகடுகள் வைத்தார். பாப் இசைக்காரர்கள் மோக் பக்கம் போனதற்கு, விரல்களுக்குப் பழகிய கீபோர்டு அதில் இருந்ததும் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம், அந்தக் கருவிகளில் உட்கார்ந்து இன்றுபோலவே வாசித்தார்கள் என்ற கற்பனை. மோக் மாட்யூலர் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் தரும். 1968இல் வெண்டி கார்லோஸ் வெளியிட்ட 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' தொகுப்பில் கேட்கும் பின்னல் முழுவதும் எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியக்கூடிய 8 ட்ராக் டேப்பில் வரி வரியாகப் பதிந்து அடுக்கியது. நடுவில் சுருதி நழுவும். நிறுத்தி மறுபடி சேர்க்க வேண்டும். இன்று "அனலாக்கின் வெதுவெதுப்பு" என்று புகழப்படுவதில் இந்த நழுவலுக்கும் பங்குண்டு (எண்களாக மாற்றாமல் மின்னழுத்தத்தாலேயே ஒலியை உருவாக்குவதுதான் அனலாக்). அன்று ஸ்டூடியோவில் இருந்தவர்கள் அதைத் திட்டியிருப்பார்கள்!

1970இல் வந்த மினிமோக்கும் ஒற்றை ஸ்வரக் கருவிதான். ஆகவே எழுபதுகளின் தொடக்கத்துப் பதிவு ஒன்றில் முழுக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) கேட்டால், அடுக்கிப் பதிந்திருப்பார்களோ, அல்லது அது ஆர்கனோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 1975இல் ஓபர்ஹைம் நிறுவனம், ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரங்கள் தரும் நான்கு குரல் கருவியைக் கொண்டுவந்தது. 1978இல் வந்த ப்ராஃபெட்-5 ஐந்து குரல்களோடு, அமைத்த ஒலியை நினைவிலும் வைத்துக்கொண்டது. அதுவரை குமிழ்களின் நிலையைப் பெரும்பாலும் காகிதத்தில்தான் குறித்துவைத்தார்கள்.

கருவிக்கே முழுப் புகழையும் கொடுத்துவிடுவது இன்னொரு தவறு. ஸ்டீவி வொண்டரின் 'டாக்கிங் புக்' (1972), 'இன்னர்விஷன்ஸ்' (1973) இரண்டின் ஒலிக்கும் பின்னால் மால்கம் செசில், ராபர்ட் மார்கூலெஃப் என்ற இருவரும், அவர்கள் கட்டிய டான்டோ என்ற பிரம்மாண்டமான சின்தசைசரும் உண்டு. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' (1977) முழுக்க இயந்திரம் என்பார்கள். அதில் பாஸ் டிரம்மை வாசித்தவர் கீத் ஃபோர்சி என்ற மனிதர்.

எண்பதுகளின் பாட்டு என்றாலே அனலாக் என்று எண்ணவும் கூடாது. அந்தக் காலத்து மெல்லிய காதல் பாட்டுகளில் மணிபோல ஒலிக்கும் எலக்ட்ரிக் பியானோ பெரும்பாலும் யமஹா டிஎக்ஸ்7. அது 1983இல் வந்தது, முழு டிஜிட்டல்; அதாவது ஒலியை எண்களால் கணக்கிட்டு உருவாக்குவது. அதேபோல, உள்ளே சிப் இருக்கிறதே என்று ப்ராஃபெட்-5ஐ டிஜிட்டல் பட்டியலில் சேர்ப்பதும் தவறு. அதன் நுண்செயலி கட்டளையிடும். ஒலி பிறப்பது அனலாக் சர்க்யூட்டில். ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் மெஷின் இரண்டும் கெட்டான்: டிரம்கள் அனலாக், ஹை-ஹாட்டும் சிம்பல்களும் டிஜிட்டல் சாம்பிள்கள், அதாவது முன்பே பதிந்த ஒலித்துண்டுகள்.

டிஎக்ஸ்7 வந்து அனலாக் செத்தது என்ற கதையும் அவ்வளவு நேரானதல்ல. விலை சரிந்த பழைய கருவிகள் பணமில்லாத இளைஞர்கள் கைக்குப் போயின. பாஸ் கிடாருக்கு மாற்றாக 1981இல் வந்து விற்காமல் போன ரோலண்ட் டிபி-303, சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' (1987) வழியாக ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு புது நடன இசைவகையையே தொடங்கிவைத்தது.

இங்கேதான் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் பெயர் வரும். 1982இல் அவர் டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூப்பிட்டர்-8 சின்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். கேட்டால் ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கும். அதனால் "ஆசிட் ஹவுஸின் தந்தை" என்று பட்டம் கட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தட்டு அப்போது பெரிதாகப் பரவவில்லை; உலகம் அதைக் கவனித்தது 2010இல் மறுபடி வெளியானபோதுதான். சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டுத் தொடங்கினார்கள் என்பதற்குச் சான்றில்லை. ராகத்தின் கமகத்தைப் பிடிக்க அவர் 303இன் ஸ்லைடை (ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வசதியை) பயன்படுத்திய விதமே அந்தத் தட்டைக் கேட்கப் போதுமான காரணம்.