மாதிரிக் கப்பலின் விலாச் சட்டம்: ஒரே பலகையில் அறுக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் இரட்டைப் பாய்மர மாதிரிக் கப்பல் ஒன்று ஆறு மாதமாக எலும்புக்கூடாகவே நிற்கிறது. அதில் 22 விலாச் சட்டங்கள் (விலா எலும்பு போலக் கப்பலுக்கு வடிவம் தரும் வளைந்த மரங்கள்). நான் அறுத்தது 40. மீதி 18 எங்கே போயின என்பதுதான் இந்தப் பதிவு.

வரைபடம் கையில் இருக்கிறது, அடிமரத்தை (கப்பலின் முதுகெலும்பு போல அடியில் நீளமாக ஓடும் மரம்; தோணிக்காரர்கள் ஏரா என்பார்கள்) வெட்டி நேராக நிறுத்தியாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அச்சு எடுப்பது

என் அளவு 1:64. நிஜக் கப்பலின் ஓர் அடி இங்கே ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). குறுக்குவெட்டுப் படத்தில் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் முன்பாதிச் சட்டங்களும் இடப்பக்கம் பின்பாதிச் சட்டங்களும் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே சட்டம் என்று நினைத்து ஒன்றை அறுத்தேன். ஒரு பக்கம் தொப்பை, மறுபக்கம் பட்டினி கிடந்த வயிறு. ஒவ்வொரு கோடும் பாதிச் சட்டம்தான். டிரேசிங் தாளை மடித்து, மடிப்பை நடுக்கோட்டின் மேல் வைத்து வரைந்து, மடித்தபடியே கத்தரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். அந்தத் தாள்தான் அச்சு.

ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் படத்தின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவிடுங்கள். நகலில் அது 9.7 ஆக இருந்தால் கடையிலேயே சண்டை போடலாம். வீட்டுக்கு வந்தபின் முடியாது. அப்புறம், படம் சட்டங்களை மூடும் வெளிப்பலகையின் வெளிமுகத்துக்கு வரைந்தது என்றால் அந்தப் பலகைக் கனத்தைக் கழிக்க மறக்க வேண்டாம்.

படி 2: துண்டு துண்டாக

இங்கேதான் என் சட்டங்கள் போயின. 5 மி.மீ. அயினி (காட்டுப்பலா) மரப் பலகையில், அடி வளைந்த 'ப' மாதிரி முழுச் சட்டத்தையும் ஒரே துண்டாக அறுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. உப்புத்தாள் போடும்போது சத்தமே இல்லாமல் இரண்டாகக் கையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. எட்டு உடைந்தபின் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் துண்டை வாங்கி, நகத்தால் நாரைக் கீறிக் காட்டினார்.

"நாரு இப்படி ஓடுது. நீ வளைவை அப்படிக் கொண்டு போயிருக்க. குறுக்க வெட்டின இடத்துல என்ன இருக்கும் மக்கா? பிஸ்கட்டுதான்."

நிஜப் பாய்மரக் கப்பல்களிலும் சட்டம் ஒரே மரம் இல்லை. நார் வளைவோடு போகும்படி துண்டுகளாக எடுத்து, இரண்டு அடுக்காகச் சேர்ப்பார்கள். செங்கல் வரிசை போல, ஓர் அடுக்கின் இணைப்பு மேல் அடுத்த அடுக்கின் இணைப்பு வரக்கூடாது.

நான் இப்போது செய்வது இதுதான். 2.5 மி.மீ. பலகையில் முதல் அடுக்குக்கு மூன்று துண்டுகள்: அடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இரண்டாம் அடுக்குக்கு நான்கு: நடுக்கோட்டில் முட்டும் இரண்டு, அவற்றின் மேல் பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு நூல் அதிகம் விட்டு அறுங்கள். அச்சின் மேல் கழுவிக் காயவைத்த பால் கவரை விரித்து (பசை தாளில் ஒட்டாது), அதன்மேல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, துணி கிளிப்பால் இறுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் அச்சைச் சட்டத்தின் மேல் ஒட்டி, கோட்டோடு அறுக்கலாம்.

பசை ஃபெவிகால் போதும். நொடியில் ஒட்டும் பசையைத் தொடாதீர்கள். தப்பாக வைத்த துண்டை நகர்த்தக்கூட நேரம் தராது. மின்சார வாளும் வேண்டாம், கை ஃப்ரெட்சாவே (மெல்லிய பிளேடு மாட்டிய சிறு வாள்) என் கட்சி. பிளேடின் பல் கீழ்நோக்கி இருக்கட்டும்.

படி 3: சாய்வு

நடுக் கப்பலில் சட்ட விளிம்பு நேராக இருந்தால் போதும். முனைகளை நெருங்க நெருங்கக் கப்பல் ஒடுங்குவதால் விளிம்பைச் சாய்வாக அராவ வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் நான் மூன்று சட்டங்களைக் கெடுத்தேன். அச்சு ஒட்டிய முகம் எப்போதும் நடுக்கப்பலைப் பார்க்க வேண்டும். அராவுவது மறுமுகத்தில். சட்டத்தின் மேல் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

முழுச் சாய்வையும் மேசையில் வைத்து அராவ வேண்டாம். பாதி போதும். சட்டங்களை அடிமரத்தில் நிறுத்தியபின், மெல்லிய மூங்கில் சீவலை நான்கைந்து சட்டங்களின் மேல் வளைத்துப் பிடியுங்கள். சீவல் விளிம்பு முழுக்கப் படிய வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடத்துக்குப் பக்கத்து மேட்டை அரைவட்ட அரத்தால் எடுங்கள். தென்னை ஈர்க்கை வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு; வளைவு பொய் சொல்லும்.

இதற்கிடையே ஒன்று. கேரளத்துப் பேப்பூரில் உரு என்னும் பெரிய மரக்கப்பல் கட்டுகிறவர்கள் வெளிப்பலகையை முதலில் கட்டிக்கொண்டு, சட்டத்தை அதற்கு ஏற்ப உள்ளே பொருத்துகிற வழக்கம் உள்ளவர்கள். காகிதத்தில் வரைபடமும் கிடையாது, எல்லாம் மூத்த ஆசாரியின் தலைக்குள். சாய்வை அராவும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்குப் பொறாமை வருகிறது.

பின்சேர்க்கை: ப்ளைவுட்டிலும் துண்டாகத்தான் செய்யணுமா என்று இருவர் கேட்டார்கள். வேண்டாம். ப்ளைவுட்டில் நார் அடுக்குக்கு அடுக்கு குறுக்காக ஓடுவதால் முழுதாக அறுத்தாலும் உடையாது. ஆனால் சாய்வு அராவும்போது ஓரம் பிசிறும், பலகை அடிக்கும் ஆணி விளிம்பில் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்று ஜூன் மழையில் தெரிந்தது. நிறுத்தி வைத்த சட்டங்களின் மேல்முனைகள் ஈரத்தில் விரிந்து, ஐந்து சட்டங்கள் கைவிரித்து நின்றன. இப்போது ஒவ்வொன்றுக்கும் மேல்முனை இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு தீக்குச்சிக் கனப் பட்டையை ஒரு சொட்டுப் பசையில் ஒட்டி வைக்கிறேன். வெளிப்பலகை ஏறியபின் அதை ஒடித்து எடுத்துவிடலாம்.