கிட்டார் டேக்கை நண்பர்களுக்கு அனுப்புமுன்: நான் செய்து தொலைத்த தவறுகள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மமாக் கடை. பக்கத்து மேசையில் மூன்று பையன்கள். ஒருவன் தோளில் கிட்டார் பை. வீட்டில் தானே வாசித்துப் பதிவு செய்த இசையைப் போனில் போட்டு, மற்ற இருவர் காதிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ரொட்டி சானாய் மாவை அடிக்கும் சத்தம், வெளியே மோட்டார் சைக்கிள்கள். "எப்படி மச்சான்?" என்றான். "நல்லா இருக்கு லா" என்று சொல்லிவிட்டு ஒருவன் தே தாரிக்கை எடுத்தான். கொடுத்தவன் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

ட்யூன் பண்ணு, துருப்பிடித்த கம்பியை மாற்று, கிளிக்கோடு வாசி என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நல்லா வாசித்த பிறகும் அனுப்பும்போது கெடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் பேச்சு.

வாய்ஸ் நோட்டாக அனுப்புவது

ஸ்பீக்கருக்கு முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாய்ஸ் நோட் பேச்சுக்காகச் செய்தது. அதில் கிட்டார் கேட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் இருக்கும். அதே வாட்ஸ்அப்பில் கோப்பை 'டாக்குமென்ட்' ஆக இணைத்துப் பாருங்கள், உள்ளது உள்ளபடி போய்ச் சேரும்.

சத்தத்தை ஏற்றி அனுப்புவது

கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காது அதை 'நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொள்ளும். உச்சங்களை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டரைப் போட்டு உச்சத்துக்கு ஏற்றினேன், எனக்கே புல்லரித்தது, அனுப்பினேன். கேட்டவன் முதல் வேலையாக வால்யூமைக் குறைத்தான். குறைத்ததும் மிஞ்சியது ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு தட்டை ஒலி. பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மீதி இடம் அடுத்து வரும் வாத்தியங்களுக்கு.

டிஐ டிராக்கை அழிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

2020 மார்ச் 18. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். நான் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில், கீபோர்டு நண்பன் பட்டர்வொர்த்தில், தபேலா வாசிப்பவர் கிள்ளானில். மாநிலம் தாண்டிப் போக முடியாது, கல்யாண விருந்து நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து. சரி, கோப்பு மாற்றிக்கொண்டே ஒரு பாட்டைச் செய்வோம் என்று முடிவு. நான் கிட்டார் வாசித்து அனுப்ப வேண்டும், அவர்கள் அதன்மேல் சேர்க்க வேண்டும்.

ஊர் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். ஆம்ப் போல ஒலிக்க வைக்கும் பிளக்-இன் மென்பொருளில் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை) முக்கால் வரைக்கும் ஏற்றி, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே போட்டு, கோயில் மண்டபத்தில் வாசிப்பதுபோல எதிரொலிக்கும் ரிவெர்பையும் போட்டேன். நான்கு நிமிடம் ஒரே மூச்சில் ஒரு டேக். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ஸ்லைடு தானாக வந்து விழுந்தது. நான் திட்டமிட்டதே இல்லை. அதை எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்தேன். லேப்டாப்பில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. மொத்த புராஜெக்ட் ஃபோல்டரையும் அழித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து போன். "டேய், டிரை இருக்கா?"

எனக்கு அவன் கேட்டது புரியவில்லை. சத்தம் போதவில்லை போல என்று நினைத்து அதே கோப்பை இன்னும் ஏற்றி அனுப்பினேன். அவன் பொறுமைசாலி. திரும்பவும் போன் பண்ணி விளக்கினான். அவன் ஏ மைனரிலிருந்து எஃப் கோர்டுக்கு மாறுகிற இடத்தில், என் ரிவெர்பில் முந்தின பாரின் பி சுரம் இரண்டு செகண்ட் தொங்கிக்கொண்டிருக்கிறது. எஃப் மேல் பி நின்றால் எப்படி இருக்கும் என்று வாசித்தே காட்டினான். பல் கூசியது. தபேலா அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "தம்பி, உன் டிலே அடிக்கிறதா, நான் அடிக்கிறதா?"

அவன் கேட்ட 'டிரை'தான் டிஐ. கிட்டாரிலிருந்து கேபிள் வழியாக, கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸுக்குள் நேராகப் போகிற வெறும் சிக்னல். ஆம்ப் இல்லை, எஃபெக்ட் இல்லை. தனியாகக் கேட்டால் கம்பி வேலியைத் தட்டுவதுபோல இருக்கும், அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அது கையில் இருந்தால் கெயினைக் குறைக்கலாம், ஆம்ப்பை மாற்றலாம், ரிவெர்பை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் ஒன்றும் முடியாது. டிஸ்டார்ஷன் என்பதே அலையின் தலையை வெட்டுவதுதான். வெட்டிய தலையைத் திரும்ப ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் ஒழுங்காக முடியாது. கறந்த பால் மடிக்குத் திரும்பாது என்பார்களே, அந்தக் கதை.

இதில் என்னை வயிறெரிய வைக்கிற சங்கதி வேறு. பிளக்-இன் வழியாகப் பதிவு செய்பவர்களுக்கு டிஐ தனியாக எடுக்க வேண்டிய வேலையே கிடையாது. மென்பொருள் சேமித்து வைப்பதே அந்த வெறும் சிக்னலைத்தான். பிளக்-இன் அதன்மேல் போர்த்திய துணி. அதை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது. நான்கு நிமிட மோனோ டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 எம்பி. அந்த 35 எம்பிக்கு இடம் இல்லை என்று அழித்தேன். அதே லேப்டாப்பில், ஏற்கெனவே பார்த்து முடித்த ஒரு சீரியலின் பன்னிரண்டு பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பதினொரு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். சுரங்கள் எல்லாம் வந்தன. அந்த ஸ்லைடு மட்டும் வரவில்லை. வந்தாலும் வரவழைத்தது மாதிரி இருந்தது. கடைசியில் நண்பர்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

மல்ட்டி எஃபெக்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதில் யூஎஸ்பி வழியாக வழக்கமாக எஃபெக்டோடுதான் உள்ளே போகும், வெறும் சிக்னல் தானாகப் பதிவாகாது. ஆனால் பல பெட்டிகளில் இன்னொரு சேனலில் டிரை சிக்னலும் கிடைக்கும், அமைப்புக்குள் தேடிப் பாருங்கள். நிஜ ஆம்ப்புக்கு மைக் வைப்பவர்கள் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் ஒன்றைப் போட வேண்டும்.

எஃபெக்ட் போட்டதை அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. அதுதான் உங்கள் மனதில் இருக்கிற ஒலி, அதையும் அனுப்புங்கள். டிலேயே வாசிப்பின் பாதியாக இருந்தால் அதைத் தனி டிராக்காக அனுப்புங்கள். பக்கத்தில் டிஐயும் இருக்கட்டும்.

வாசிக்க ஆரம்பித்த இடத்திலிருந்து வெட்டி அனுப்புவது

எட்டாவது பாரில்தான் கிட்டார் நுழைகிறது என்றாலும் கோப்பு முதல் பாரின் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும். முன்னால் வெறும் அமைதி இருந்தால் இருக்கட்டும். வாங்குகிறவர் தன் டிராக்கின் தொடக்கத்தில் போட்டால் தானாகப் பொருந்திவிடும். மேலே சேர்த்து வாசிக்கப்போகிறவருக்கு எம்பி3 வேண்டாம், வேவ் கொடுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி அமைதி ஒட்டிக்கொள்ளும். கேட்பவருக்குத் தெரியாது, தபேலாக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் (ஒரு செகண்டுக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பதை) எழுதி அனுப்புங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 44.1 புராஜெக்டில் போட்டால் பெரும்பாலும் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும், நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 செகண்டாக நீளும். ஒருமுறை எனக்கு அப்படி நடந்தது. நான் ஏதோ சோகமாக வாசித்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஹம் இரைச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஹம் அதிலிருந்துதான் வருகிறது. கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது உங்கள் கிட்டாரின் இரைச்சல், கொஞ்சம் ஸ்ருதி ஏறிய ஜியைப் பாட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஜி ஸ்கேலில் வாசித்தால் முதலில் தெரியாது. பிறகு ஏன் ஏதோ ஒட்டவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் நாற்காலியோடு கால்வட்டம் திரும்பிப் பாருங்கள், இரைச்சல் குறையும் ஒரு திசை இருக்கும். ஃபேன் ரெகுலேட்டரையும் சந்தேகப்படுங்கள். அந்த நான்கு நிமிடம் வியர்த்தால் பரவாயில்லை.

கோப்பின் பெயர்

'ஃபைனல் 2 புதுசு' என்பது பெயர் அல்ல.

யூடியூபில் எடுத்த பேக்கிங் டிராக்

உங்களுடையது அல்ல. சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

இதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஒரு இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: 1 நிமிடம் 40ல் பெண்ட் (கம்பியை இழுத்து சுரத்தை ஏற்றுவது) சேருகிறதா, நடுவில் கிட்டார் நிறைந்துவிட்டதா, முடிவு திடீரென்று நிற்கிறதா?

யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. கிட்டார்காரனிடம் கொடுத்தால் எந்த ஆம்ப் என்றுதான் கேட்பான். செந்தூலில் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டிஸ்டார்ஷன் என்றால் அவருக்குக் காது வலி. அவரிடம் ஒரு நாள் ஹெட்போனைக் கொடுத்து, அந்த ஒரு பெண்டை மட்டும் கேட்கச் சொன்னேன். மூன்றாவது கம்பி, ஏழாவது ஃபிரெட், டியிலிருந்து ஈ வரை இழுப்பது. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடம். சியைச் சட்ஜமாக வைத்த பாட்டு அது, ஈதான் காந்தாரம்.

கண்ணை மூடி இரண்டு முறை கேட்டார். "காந்தாரம் கீழ நிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

வீட்டுக்குப் போய் டிஐ டிராக்கை டியூனரில் விட்டுப் பார்த்தேன். கீழேதான் நின்றது.