படம் காணாமல்போகாத ஆவணம்

லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் எழுதிய ஆவணத்தைப் பிறருக்கு அனுப்பும் முன், எடிட் மெனுவில் 'லிங்க்ஸ் டு எக்ஸ்டெர்னல் ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து, பட்டியலில் உள்ள படங்களைத் தேர்ந்தெடுத்து 'பிரேக் லிங்க்' பொத்தானை அழுத்திச் சேமித்துவிடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படம் அறுந்து போகாது. மாறாக, ஆவணத்துக்குள்ளேயே வந்து குடியேறிவிடும்.

இணைப்பாக (லிங்க்) சேர்த்த படத்துக்கு ஆவணத்தில் இருப்பது வெறும் முகவரி மட்டுமே. உங்கள் கணினியில் அந்த முகவரியில் படம் இருப்பதால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆவணத்தைப் பெறுபவரின் கணினியில் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு உண்மையில் பல கோப்புகளை உள்ளே அடைத்த ஒரு ஜிப் பொதி. இணைப்பை முறித்ததும் படம் அந்தப் பொதிக்குள் சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் கோப்பின் அளவும் கூடுகிறது. வேலை நடந்ததா என்று அறிய அதுவே நல்ல அடையாளம். வேர்டில் இதே போன்ற இணைப்புப் பெட்டியில் 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' என்பதில் டிக் செய்தால் போதும். அங்கே இணைப்பும் இருக்கும், படமும் இருக்கும். எனக்கு அந்த ஏற்பாடு கூடுதலாகப் பிடிக்கும்.

மூலப் படம் ஏற்கெனவே அழிந்திருந்தால் இந்த வழி உதவாது. உள்ளே எடுத்துவைக்க எதுவும் இல்லையே. வரைபடங்களை அடிக்கடி திருத்திக்கொண்டிருக்கும் நாட்களிலும் இணைப்பை முறிக்காதீர்கள். புதிய திருத்தம் ஆவணத்தில் தானாக வந்து சேராது.