லாஸ் வேகாஸ் ரோடியோ இறுதிப் போட்டி: முதல் தடவை போகிறவர்களுக்கு

ரோடியோ என்றால் கவ்பாய்களின் குதிரை, காளைச் சவாரி, கயிறு வீசும் போட்டி. அமெரிக்காவின் தேசிய இறுதி ரோடியோ டிசம்பரில் 10 நாள் நடக்கும், தினம் ஒரு சுற்று. 1985 முதல், 2020 தவிர, லாஸ் வேகாஸின் தாமஸ் அண்ட் மேக் அரங்கில்தான். அந்த வருடம் பரிசுப் பணம் அதிகம் சேர்த்த முதல் 15 பேர்தான் ஒவ்வொரு பிரிவிலும் இறங்குவார்கள் என்பதால் எந்த நாள் போனாலும் ஏமாற்றம் இல்லை. டிக்கெட் விலைதான் கொஞ்சம் கடுப்பேற்றும், சீக்கிரமே வாங்கிவிடுங்கள்.

கீழே முன்வரிசைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மண் தெறிப்பதும் குதிரை வாசனையும் கிடைக்கும், சரி, ஆனால் எதிர்க் கோடியில் நடப்பது தெரியாது, முன்னால் இருப்பவரின் தொப்பி வேறு மறைக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் மேலே உட்கார்ந்தால் மொத்த ஆட்டமும் கண்ணுக்குள் அடங்கும்.

விதி தெரியாமல் போனால் எல்லாம் ஒரே தூசியாகத்தான் இருக்கும். துள்ளும் குதிரை, காளை மேல் 8 வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். பிடிப்பது ஒரே கை, இன்னொரு கை மிருகத்தின் மேலோ தன் மேலோ பட்டால் மதிப்பெண் கிடையாது. மொத்தம் 100, அதில் பாதி வீரருக்கு, பாதி மிருகத்துக்கு! அதனால் ஆளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்; காளை எவ்வளவு உயரம் எம்புகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள், சாதுவான காளை வாய்த்தவர் விழாமல் இருந்தும் பின்தங்குவது ஏன் என்று அப்போதுதான் புரியும். குதிரை என்றால் வெளியே வந்த முதல் துள்ளலில் வீரரின் குதிமுள் (காலணியின் குதிகாலில் மாட்டும் முள்) அதன் தோள்பட்டை முனைக்கு மேலே இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், 8 வினாடி முடித்தும் பூஜ்யம்.

மற்றவை கடிகாரத்தோடு போட்டி. பேரல் ரேசிங்கில் பெண்கள் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டுவார்கள். ஒன்று சாய்ந்தால் 5 வினாடி கூடும், அவ்வளவுதான், அந்த இரவு போச்சு. பீப்பாய் ஆடும்போது கையால் பிடித்து நிறுத்தலாம், அதற்குத் தடை இல்லை. கன்றுக்குக் கயிறு வீசிக் கட்டும் பிரிவு எனக்கே முழுசாகப் பிடிக்காது. குழந்தைகளோடு போனால் முன்பே சொல்லி வையுங்கள்.

பெரிய பை வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பாலைவன ஊர்தானே என்று நம்பிப் போகாதீர்கள், டிசம்பர் ராத்திரி குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லையா? கசினோக்களில் பெரிய திரையில் நேரலை போடுவார்கள், அந்தக் கூட்டமும் ஜாலிதான்.

அப்புறம், வெளியே நெரிசலுக்குப் பயந்து கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது எழுந்துவிடாதீர்கள். காளைச் சவாரியைக் கடைசியில்தான் வைப்பார்கள்.