உப்புக்காற்றில் பழைய பிக்கப்பை வீட்டிலேயே மீட்டெடுப்பது: திருகோணமலையில் நான் செய்த முறை

எங்கள் முற்றத்து வேம்பின் கீழ் மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்ற ஹைலக்ஸ் பிக்கப் இப்போது தினமும் நிலாவெளி வீதியில் ஓடுகிறது. 1980களின் வண்டி, 2.4 லீற்றர் டீசல் இயந்திரம். மாமா அதில் பல ஆண்டுகள் குச்சவெளியிலிருந்து நகரத்துச் சந்தைக்கு மீன் ஏற்றினார். 2022 இல் டீசல் வரிசைகள் நீண்டபோது ஓரமாக நிறுத்தியவர் பிறகு தொடவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பிறகும் புதிது வாங்கும் வசதி எனக்கு இல்லை. இருப்பதைச் சரிசெய்வது என்று இறங்கினேன்.

பெயின்ற் பூசும் வேலையை நான் இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. முதல் பூச்சு ஐந்து வாரத்தில் கொப்புளித்தது. அது ஏன் என்று கண்டுபிடித்த கதைதான் இந்தக் குறிப்பின் நடுப்பகுதி. கடலோரத்தில் வாழ்பவர்கள் வேறு எதை விட்டாலும் அந்தப் பகுதியை விடாமல் படியுங்கள்.

முதலில்: பருவம், இடம், பாதுகாப்பு

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மிக நல்ல காலம். மாரி முடிந்திருக்கும், கச்சான் காற்று தொடங்கியிருக்காது. கச்சான் வீசும் மாதங்களில் ஈரமான பெயின்றில் புழுதி வந்து ஒட்டும். வெயிலில் நிற்கும் தகடு தொட முடியாத அளவுக்குச் சுடும். கார்த்திகை, மார்கழி மழையில் பெயின்ற் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், பிறகு நேர்முனையை. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் படிவை அப்பச்சோடா கலந்த வெந்நீர் கரைத்துவிடும். வண்டியின் கீழே படுப்பதற்கு முன் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல்லும் கொங்கிறீற் கல்லும் பாரத்தில் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மற்ற எந்தக் கருவியையும் இரவல் வாங்கலாம், ஸ்டாண்டை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

கழுவுவதற்கு முன் ஓட்டைகளைத் தேடுங்கள்

கதவின் அடிவிளிம்பு, ஏறும் படியின் அடி, கேபினின் பின் மூலைகள், முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் தட்டி ஆகிய இடங்களில் எல்லாம் தண்ணீர் வெளியேறுவதற்கென்றே சிறு துளைகளோ பிளவுகளோ இருக்கும். பழைய வண்டியில் பெரும்பாலும் அவை அடைபட்டிருக்கும். எங்கள் வண்டியின் காற்றுத் தட்டியிலிருந்து ஒரு வாளி நிறைய வேப்பஞ்சருகு எடுத்தேன். அடியில் இருந்தது மக்கிக் கறுத்து, பிழிந்தால் சாறு வந்தது. மூன்று மாரிகளின் ஈரத்தை அந்தச் சருகு தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. இடதுபக்கக் கால்வைக்கும் தரையில் விழுந்த ஓட்டைக்கு அதுதான் காரணம்.

கம்பி ஒன்றை வளைத்து ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்து, மேலிருந்து தண்ணீர் விட்டுக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேலே போக வேண்டாம். உள்ளே தண்ணீர் தங்கும் கதவுக்கு வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும் பயனில்லை.

பிறகு சின்னச் சுத்தியலால் சேஸியை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். உளுத்தது ‘டொக்’ என்று செத்த ஒலி தரும். பின்சக்கரத்தின் தகட்டுவில் மாட்டியிருக்கும் இடத்தை இரண்டு தடவை தட்டுங்கள். அங்கே ஓட்டை இருந்தால் அது வீட்டு வேலை அல்ல, வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். டீசல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே அருகில் தீப்பொறி பறக்க வேண்டும்.

கழுவுதலும் கழற்றுதலும்

இது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட தூரிகை, அதன்மேல் பாத்திரம் கழுவும் திரவம், பிறகு தண்ணீர். இயந்திரப் பகுதியில் அழுத்த நீர்ப் பம்பைப் பயன்படுத்தாதீர்கள்; ஆல்டர்னேற்றரையும் ஸ்டார்ட்டரையும் பொலித்தீனால் மூடிவிட்டு வாளியும் தூரிகையுமாகக் கழுவினால் போதும். பிரேக் டிரம்மில் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. அந்தக் கால பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

இறுகிப்போன போல்ட்டுகளுக்கு, தானியங்கிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எப். எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுவதுதான் நான் நம்பும் வழி. ஓர் இரவு ஊறட்டும். எளிதில் தீப்பற்றும் கலவை, பக்கத்தில் நெருப்பு கூடாது. பன்னிரண்டு முனைச் சொக்கெற்றை ஒதுக்கிவிட்டு ஆறு முனையுள்ளதை எடுங்கள். கறள் பிடித்த தலைகளை அது வழுக்காமல் பிடிக்கும்.

பின்தொட்டியை முடிந்தால் கழற்றுங்கள். எட்டு போல்ட்டுகள், நான்கு பேர், அரை மணி நேரம். சேஸியின் மேற்பக்கம் அதற்குப் பிறகுதான் முழுமையாகக் கண்ணில் படும்.

என்னைத் தடுக்கி விழுத்திய இடம்

தொட்டியின் தரைதான் மிக மோசம். மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் உப்பும் இரத்தமும் கலந்திருக்கும். அது பல ஆண்டுகள் அந்தத் தகட்டில் ஊறியது. முந்தைய காலத்தில் யாரோ அதன்மேல் தார்ப் பூச்சும் அடித்திருந்தார்கள். தாரைச் சுரண்டியபோது அடியில் கறள், பாளம் பாளமாகப் புத்தகத் தாள்போல் பிரிந்து வந்தது. வெளியே கறுப்பாகப் பளபளத்த பூச்சு, உள்ளே ஈரத்தை வெளியேற விடாமல் பூட்டி வைத்திருந்தது.

கிரைண்டரில் கம்பிச்சக்கரம் மாட்டி வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். வெயிலில் காயவைத்துப் பிரைமரும் பெயின்றும் அடித்தேன். கண்ணாடிபோல் இருந்தது. ஐந்தாம் வாரம் பச்சைமிளகாய் விதை அளவில் கொப்புளங்கள். நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள் கலந்த செந்நிறத் தண்ணீர்.

உவர்மலையில் நெடுங்காலம் ரிங்கர் வேலை (வண்டித் தகடு திருத்தும் வேலை) செய்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, கறளை எடுத்துவிட்டாய், உப்பை விட்டுவிட்டாய்” என்றார்.

“பளபளவென்று தேய்த்தேனே, ஐயா?”

“மேட்டைத் தேய்த்தாய். குழிக்குள்ளே என்ன இருக்கிறது?”

அவர் சொன்னதன் பொருள் இதுதான். கடலோரத்துக் கறள் ஊசிக்குழிகளாக உள்ளே இறங்கும். அந்தக் குழியின் அடியில் குளோரைட்டு உப்பு தங்கியிருக்கும். கம்பிச்சக்கரம் குழியின் வாயை மெழுகிப் பளபளப்பாக்குமே தவிர, அடியைத் தொடாது. உப்பு காற்றிலிருந்தும் பெயின்றின் வழியாகவும் ஈரத்தை இழுக்கும்; பூச்சின் அடியிலேயே கறள் மீண்டும் தொடங்கும். நான் கழுவிய எங்கள் கிணறு கடற்கரைக் கிணறு. அதில் தேநீர் போட்டால் வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரால் உப்பைக் கழுவ நினைத்தேன்.

இரண்டாம் முறை செய்தது இது:

முதலில், கறளைக் கூரான சுரண்டியாலும் கைக் கம்பித் தூரிகையாலும் எடுத்தேன். கிரைண்டரில் கம்பிச்சக்கரத்துக்குப் பதிலாகக் கறுப்பு நைலோன் வலைச்சக்கரம் மாட்டினேன். குழிகளைச் சுற்றி 80 ஆம் இலக்க மணல் கடதாசி. பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை நனைத்துத் தேய்த்தேன். முகக்கவசமும் கண்ணாடியும் கழற்றவில்லை.

அடுத்து, குழாய் நீர். நகரத்துக் குழாய்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருகிறது, உப்பில்லாதது. வெந்நீராக்கி ஊற்றி, தூரிகையால் அழுத்தித் தேய்த்து, வழித்துவிட்டு, காயவைத்தேன்.

பிறகு காத்திருந்தேன். இந்தக் காத்திருப்புதான் முழு வேலையின் உயிர். கழுவிக் காயவைத்த தகட்டை எதுவும் பூசாமல் ஓர் இரவு கூரையின் கீழ் விடுங்கள். காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது குனிந்து பாருங்கள். உப்பு மிஞ்சிய குழிகளில் கறுப்பும் மண்ணிறமுமான சிறு துளிகள், வியர்வைபோல் பூத்து நிற்கும். சுற்றியுள்ள இரும்பு காய்ந்திருக்கும், அந்தப் புள்ளிகள் மட்டும் ஈரமாக இருக்கும். முதல் நாள் காலையில் எங்கள் தொட்டியில் அப்படி நாற்பதுக்கு மேல் எண்ணினேன். மறுபடி சுரண்டல், வெந்நீர், காயவைத்தல், ஓர் இரவுக் காத்திருப்பு. இரண்டாம் காலை பதினொன்று. நான்காம் காலை ஒன்றும் இல்லை. மெல்லிய செம்மஞ்சள் படலம் தகடு முழுவதும் சீராக இருந்தது. அது வெறும் காற்று ஈரத்தின் வேலை, 180 ஆம் இலக்கக் கடதாசி இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடும். புள்ளிகளைப் பார்த்துத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

பூச்சு

படலத்தை எடுத்த அதே காலையில் பிரைமர் போக வேண்டும். ஏழு மணிக்குத் தேய்த்து, தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, பத்து மணிக்குள் முதல் பூச்சு. பிற்பகலில் கடற்காற்று உப்பை மறுபடி கொண்டுவந்து படிய வைக்கும். தகடு பனியில் குளிர்ந்திருந்தால் வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபொக்சி பிரைமரைத் தூரிகையால் பூசுவதையே நான் பரிந்துரைப்பேன். தெளிப்பு டப்பா குழிகளின் மேலே பாலம் போட்டுவிடும். தூரிகை உள்ளே தள்ளும். தூரிகைத் தடம் தெரிந்தால் தெரியட்டும், இது சுமை ஏற்றும் தொட்டி. பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைப் பூசிவிட்டு அதன்மேல் நேராக எபொக்சி போடாதீர்கள். அமிலத்தின் மிச்சம் எபொக்சியைப் பிடிக்க விடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எட்ட முடியாத மூலைகளுக்குக் கறள் மாற்றி, எட்டும் இடங்களுக்கு எபொக்சி என்று நான் பிரித்துக்கொண்டேன்.

வெளிப்புறத்துக்கு, ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் கார் பெயின்றை வீட்டில் தெளிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற்று சாதாரண முகக்கவசத்துக்கு அடங்காது, நுரையீரலைக் கெடுக்கும். தயாரிப்பை எல்லாம் நீங்களே முடித்துவிட்டு, கடைசித் தெளிப்பை மட்டும் அதற்கான அறை உள்ளவரிடம் கொடுங்கள். நிறத்தை மாற்ற எண்ணினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். நான் பழைய வெள்ளையையே வைத்துக்கொண்டேன்.

கதவு, படி போன்ற பெட்டி வடிவங்களின் உள்ளே மெழுகு கலந்த கறள் தடுப்பைத் தெளியுங்கள், திறந்த துளைகளை அடைத்துவிடாமல். கழிவு ஒயிலை அடியில் அடிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. நான் அதற்கு முற்றிலும் எதிரானவன். ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கும். நம்முடைய மணல் தரையில் சொட்டியது எல்லாம் கிணற்றுக்குப் போகும்.

இயந்திரத்தை எழுப்புதல்

மூன்று ஆண்டு கிடந்த டீசலில் இயந்திரத்தை இயக்காதீர்கள். தாங்கியின் அடியில் தண்ணீரும் அதில் வளர்ந்த வழுவழுப்பான கறுப்புக் கழிவும் இருக்கும். முழுவதையும் இறக்கி, தாங்கியைக் கழுவி, வடிகட்டியை மாற்றுங்கள். இயந்திர ஒயில், குளிர்நீர், பிரேக் ஒயில் மூன்றும் புதிதாக வேண்டும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிட்டே சாவியைத் திருப்புங்கள். அது அறுந்தால் வால்வுகளுக்குச் சேதம்.

பின்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தைப் படித்த மூதூர் அன்பர் ஒருவர், தன் வீட்டில் குழாய் நீர் இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். கூரையிலிருந்து மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பிடியுங்கள், கூரையில் படிந்த உப்பு முதல் மழையில் போய்விடும்.

இன்னொருவர் சிறு பாகங்களைச் சலவைச் சோடாவும் பற்றரி சார்ஜரும் வைத்துக் கறள் நீக்க முயன்று, எதிர்மின்வாயாகப் பாகத்தையும் நேர்மின்வாயாகப் பழைய துருவேறா எஃகுக் கரண்டியையும் கட்டியிருக்கிறார். உடனே நிறுத்துங்கள். துருவேறா எஃகிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். சாதாரண இரும்புக் கம்பி போதும். ஐதரசன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

கந்தளாயிலிருந்து எழுதியவர், கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இரவுச் சோதனை தேவையா என்று கேட்டிருந்தார். வண்டி எங்கே நிற்கிறது என்பதைவிட அது முன்பு எதை ஏற்றியது என்று விசாரியுங்கள். மீன், உப்பு, உரம் இவற்றில் ஒன்று என்றால் தேவை.

எங்கள் தொட்டிக்கு இப்போது ஒன்பது மாதம், ஒரு மாரியும் கடந்துவிட்டது. இடது மூலையில், நான் சுரண்டி எட்டாத ஒரு மடிப்பில், ஒரே ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதைத் திறக்கப் போகிறேன்.