25 கிராம் உப்பு, 100 கிராம் நீர்: செறிவு எவ்வளவு?

100 கிராம் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்தால் கரைசலின் நிறை சதவீதம், அதாவது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் உப்பு என்ற அளவு, என்ன? மாணவர்களிடம் கேட்டால் பலரும் சட்டென்று 25 என்கிறார்கள். சரியான விடை 20. மீதி ஐந்து எங்கே போயிற்று என்று பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

படி 1: கரைபொருளையும் கரைப்பானையும் தனித்தனியே எழுதுங்கள். உப்பு கரைபொருள், 25 கிராம். நீர் கரைப்பான், 100 கிராம்.

படி 2: இரண்டையும் கூட்டுங்கள். 25 + 100 = 125 கிராம். இதுதான் கரைசலின் நிறை. தவறு நடப்பது இங்கேதான். உப்பு கண்ணுக்கு மறைந்ததும் அதன் எடையும் மறைந்ததாக மனம் நம்பிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் டம்ளரைத் தராசில் வைத்துப் பாருங்கள். டம்ளரின் எடை போக 125 கிராம் நிற்கும்.

படி 3: 25 ÷ 125 × 100 = 20 சதவீதம்.

திருப்பியும் போட்டுப் பாருங்கள். 10 சதவீத உப்புக் கரைசல் 200 கிராம் வேண்டும். 200இல் பத்து சதவீதம் 20 கிராம் உப்பு. மீதி 180 கிராம் நீர். ஒரு மில்லிலிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால் 180 மில்லிலிட்டர் அளந்து ஊற்றலாம். எண்ணெய்க்கு இந்தச் சலுகை கிடையாது, நிறுத்துத்தான் ஆக வேண்டும்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும். 36 ÷ 136 × 100, அதாவது ஏறத்தாழ 26 சதவீதம். அந்த வெப்பநிலையில் உப்பு நீருக்கு 30 என்று விடை வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்.

இந்த 26தான் தூத்துக்குடி உப்பளங்களிலும் எல்லை. கடல்நீரில் உப்புகள் சுமார் 3.5 சதவீதம், ஒரு கிலோவுக்கு 35 கிராம். அத்தனையையும் சமையல் உப்பாகவே வைத்துக்கொள்வோம். நீர் வற்றினாலும் உப்பு குறைவதில்லை. 26 சதவீதத்தை எட்டும்போது கரைசலின் நிறை 35 ÷ 26 × 100, சுமார் 135 கிராம். அப்படியானால் ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 865 கிராம் வெயிலில் ஆவியாகிப் போன பிறகே பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும்.