மணி அடிக்கத் தயங்காதீர்கள்: போர்க்கப்பல் தயார்நிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கடற்படை, கப்பலின் தயார்நிலையை ஐந்தாகப் பிரித்திருக்கிறது; இங்கே நான்கைப் பார்த்தால் போதும். போர் மணி அடித்ததும் வரும் முதல் நிலையில் மாலுமிகள் அனைவரும் அவரவருக்குரிய போர் இடத்தில் நிற்பார்கள். மூன்றாம் நிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் காவலில் இருக்க, மற்றவர்கள் உண்டு உறங்குவார்கள். நான்காவது அமைதிக்காலப் பயணத்துக்கு. ஐந்தாவது துறைமுகத்தில் நிற்கும்போது.

ஆபத்தான கடலில் எப்போதும் முதல் நிலையிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. தூக்கமில்லாத மாலுமிக்கு ராடார் திரையில் தெரிவது மனதில் பதியாது. மூன்றாம் நிலை அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து முதல் நிலைக்கு மாறத் தயங்குவது இன்னும் பெரிய தவறு.

1982 மே 4 அன்று, அர்ஜென்டினாவுடனான ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல், பிரிட்டிஷ் முறைப்படி முழுப் போர்நிலைக்கு ஒரு படி கீழான இரண்டாம் படித் தயார்நிலையில் இருந்தது. அருகிலிருந்த கிளாஸ்கோ கப்பல் எதிரி விமானத்தின் ராடார் அலையைக் கண்டுபிடித்து எச்சரித்தது. முன்பு வந்த பொய் எச்சரிக்கைகளால் இதையும் ஷெஃபீல்டு பொருட்படுத்தவில்லை. வான்பாதுகாப்பு அதிகாரி கட்டுப்பாட்டு அறையிலேயே இல்லை. கேப்டனை யாரும் அழைக்கவில்லை. எக்சோசெட் ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தார்கள். பத்து முறை வீணாக மணி அடித்தாலும் பதினோராவது முறையும் அடித்தே ஆக வேண்டும் என்பேன். கலைந்த தூக்கத்தைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கதவுகளை மறப்பது அடுத்த தவறு. கப்பலின் கதவுகளிலும் மூடிகளிலும் எதை எப்போது மூட வேண்டும் என்று காட்டும் எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகள் இருக்கும். போர் மணி அடித்ததும் இசட் குறியிட்டவையும் மூடப்பட்டாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதால் வழியும் வகுத்திருக்கிறார்கள்: மேலேயும் முன்புறமும் செல்பவர்கள் வலப்பக்கம், கீழேயும் பின்புறமும் செல்பவர்கள் இடப்பக்கம். 1916இல் ஜட்லாந்து கடற்போரில், வேகமாகச் சுடுவதற்காகப் பிரிட்டிஷ் மாலுமிகள் வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்து வைத்து, மருந்துப் பொதிகளை வெளியே குவித்தார்கள். அன்று மூன்று பெரிய கப்பல்கள் வெடித்துச் சிதற, 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கையை மடித்துவிட்ட சட்டையும் தவறுதான். நெருப்பு முதலில் பற்றுவது மூடாத தோலை. தீ அனலைத் தடுக்கும் முகமூடியும் கையுறையும் அதனால்தான் கட்டாயம்.

1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பல் மூன்றாம் நிலையில் இருந்தபோது, ஈராக் விமானம் ஏவிய இரண்டு ஏவுகணைகளுக்கு 37 பேரைப் பலிகொடுத்தது. பதினோரு மாதம் கழித்து, அதே வளைகுடாவில், அதே வகையைச் சேர்ந்த சாமுவேல் பி. ராபர்ட்ஸ் கப்பலின் காவலாளி தண்ணீரில் கண்ணிவெடிகளைப் பார்த்தார். கேப்டன் உடனே முதல் நிலைக்கு உத்தரவிட்டார். பின்வாங்கும்போது வேறொரு கண்ணிவெடி வெடித்து, கப்பலின் அடிமுதுகே முறிந்தது. மாலுமிகள் விரிசல்விட்ட மேற்கட்டுமானத்தை எஃகு வடங்களால் இழுத்துக் கட்டி, தண்ணீரோடும் தீயோடும் போராடிக் கப்பலை மிதக்க வைத்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.